கால் எங்கே நிற்கிறது?



எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கிப் போகிற பாதையில் ஒரு மனிதன் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த கதையை ஞானோபதேச வகுப்பிலேயே நாம் கேட்டாயிற்று. அதில் நம் கவனத்துக்குத் தப்பிப் போகிற விஷயம் ஒன்று உண்டு. குருவானவன் அவனைக் கண்டான். லேவியனும் கண்டான். சமாரியனும் கண்டான். மூவருக்கும் கண் ஒன்றுபோலவே தெரிந்தது. வித்தியாசமெல்லாம் காலிலேதான். இரண்டு பேருடைய கால் பாதையின் மறுபக்கமாய் ஒதுங்கிப் போயிற்று, ஒருவன் நின்றான். சமாரியன் வாகனத்தின்மேல் வந்தவனாயிற்றே, அவனுக்கு நடையேது என்று யாராவது கேட்கலாம். நல்லது, அவன் இறங்கினான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் உங்களைத் தூர தேசத்துப் பட்டணம் ஒன்றுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். போலந்து தேசத்தின் பழைய இராஜதானியாகிய கிராக்கோவ்தான் அந்த ஊர். இக்காலத்தில் நம் நாட்டிலிருந்தும் திருயாத்திரைக் கூட்டங்கள் அங்கே போய் வருகின்றன. முன்னால் ஒருவர் சின்னக் கொடி பிடித்துப் போவார். அவர் நின்றால் எல்லாரும் நிற்பார்கள், அவர் நடந்தால் எல்லாரும் ஓடுவார்கள். நாம் அப்படிப் போகப்போவதில்லை. கையில் ஊர்ப்படம் ஒன்று, காலில் பழகின செருப்பு, சட்டைப்பையில் ஜெபமாலை, இவை போதும். வழிகாட்டி இல்லாத நடையில் ஒரு சங்கடம் உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கே நிற்கவேண்டும் என்று நமக்குச் சொல்ல ஆள் கிடையாது. நாமே தீர்மானிக்கவேண்டும்.

நடப்பதற்கு இவ்வளவு தோதான ஊர் கிடைப்பது அரிது. பழைய கோட்டை மதிலை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டு, அந்த இடத்தில் மரங்களை வைத்தார்கள். இன்று அது ஊரைச் சுற்றிச் சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சோலை. பழைய பட்டணம் முழுவதும் அந்தப் பச்சை வளையத்துக்குள் அடங்கிவிடும். 1944-ல் தலைநகராகிய வார்சா செங்கல் செங்கல்லாய்த் தகர்க்கப்பட்டபோதும், கிராக்கோவ் பெரும்பாலும் தப்பியது. கட்டிடங்கள் தப்பின என்றுதான் சொல்லுகிறேன். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிலுக்கு வெளியே இருக்கிற அர்ச். புளோரியான் கோவிலிலிருந்து புறப்படுவோம். ரோமைப் படைவீரனாயிருந்து வேதத்துக்காக ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டவர் இவர். இவருடைய பரிசுத்த எலும்புகள் 1184-ல் இவ்வூருக்கு வந்தன. நெருப்புக்குத் தப்புவிக்கும் பாதுகாவலர் என்று தீயணைப்போர் இவரை வேண்டிக்கொள்வார்கள். 1949 முதல் 1951 வரை இந்தக் கோவிலில் இளம் உதவிக் குரு ஒருவர் இருந்தார். கரோல் வொய்த்திலா என்பது அவர் பெயர். பின்னாளில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பராய் உலகம் அறிந்தவர் அவரே. அவரை வழியில் இன்னும் இரண்டொரு தடவை சந்திப்போம்.

கோவிலிலிருந்து தெற்கே நடந்தால், 1498-லும் 1499-லும் கட்டின வட்டமான செங்கல் கொத்தளம் எதிர்ப்படும். அதைத் தாண்டினால் புளோரியான் வாசல். அரசர்கள் பட்டாபிஷேகத்துக்கு ஊர்வலமாய் நுழைந்த வழி அதுதான். அங்கிருந்து அரண்மனைக் குன்று வரைக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இராது. வழியில் கடைகள் மிகுதி. பிள்ளைகள் தின்பண்டம் கேட்பார்கள், வாங்கிக் கொடுங்கள்.

தெரு முடிகிற இடத்தில் திடீரென்று ஆகாயம் அகலமாகும். 1257-ல் அளந்து போட்ட சந்தைச் சதுக்கம் அது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 மீட்டர். நடுவில் நீளமான ஜவுளிக் கடைமண்டபம். மூலையில் உயரம் ஒவ்வாத இரண்டு கோபுரங்களோடு தேவமாதாவின் கோவில். இந்தக் கோபுரங்களைப்பற்றி ஊரார் ஒரு கதை சொல்லுவார்கள். அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாய்க் கட்டினார்களாம். தம்பியின் கோபுரம் தன் கோபுரத்தை மிஞ்சிவிடும் என்று பயந்து அண்ணன் அவனைக் கத்தியால் குத்திக் கொன்றானாம். அந்தக் கத்தி இதுதான் என்று ஜவுளி மண்டபத்தின் வாசலில் ஒரு கத்தியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லாது. ஆனால் காயீனும் ஆபேலும் கோவில் வேலையிலும் உண்டு என்பதைப் பங்கு நிர்வாகத்தில் இருந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

மணிக்கொருதரம் உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு எக்காளம் கேட்கும். ஊர் தீயணைப்புப் படையார் முறை போட்டு அதை ஊதுகிறார்கள். நாலு திசைக்கும் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் இராகம் பாதியிலே அறுந்துபோகும். 1241-ல் தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது, ஊரை எழுப்ப எக்காளம் ஊதின காவற்காரன் தொண்டையில் அம்பு பாய்ந்து ஊதினபடியே மாண்டான், அந்த இடத்தில்தான் இன்றும் நிறுத்துகிறார்கள் என்பது கதை. அந்தக் கதை பிற்காலத்தில் சேர்ந்தது என்று அறிஞர் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓடாமல் மற்றவர்களுக்காக ஊதினவன் ஒருவனை ஒரு ஊர் மணிக்கொருதரம் நினைக்க விரும்புவது நல்ல காரியந்தானே.

இந்தக் கோவிலுக்கு இரண்டு வாசல் உண்டு. பார்க்க வருகிறவர்கள் பக்கத்து வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையவேண்டும். ஜெபிக்க வருகிறவர்கள் முன்வாசலால் சும்மா போகலாம். இதைப்பற்றிப் பெரிய பிரசங்கம் செய்யலாம், செய்யமாட்டேன். இரண்டு வாசலாலும் போங்கள். ஏனெனில் உள்ளே இருக்கிற பெரிய பீடத்தைக் கிட்டப் போய்ப் பாராமல் திரும்புவது நஷ்டம். வீத் ஸ்தோஸ் என்னும் சிற்பி 1477 முதல் 1489 வரை எலுமிச்சை போன்ற மஞ்சள் வெண்மையான லிண்டன் மரத்தில் செதுக்கினது அது. சுமார் 13 மீட்டர் உயரம். நண்பகலுக்குச் சற்று முன்னே அதன் கதவுகளைத் திறப்பது வழக்கம். நடுவில் தேவமாதாவின் மரணம். கட்டிலில் படுத்தபடி அல்ல. முழந்தாளில் நின்று ஜெபிக்கையிலேயே அந்தப் பரிசுத்த தாய் தளர்ந்து சாய, ஒரு அப்போஸ்தலர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்கிறார். மற்ற அப்போஸ்தலர்கள் சுற்றி நிற்கிறார்கள். அவர்களுடைய முகத்துச் சுருக்கத்தையும் புறங்கை நரம்பையும் பாருங்கள். வலை இழுத்த கைகள். 1939-ல் யுத்தம் வருமுன்னே இந்தச் சுரூபங்களைக் கழற்றி ஒளித்து வைத்தார்கள். ஜெர்மானியர் கண்டுபிடித்து நூரெம்பர்க்குக் கொண்டுபோனார்கள். 1946-ல் திரும்பி வந்தது. கோவிலில் மறுபடி நிறுத்தினது 1957-ல்.

சதுக்கத்தின் மூலையில் அர்ச். அதல்பெர்த் கோவில் என்று ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. எல்லாரும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அது பள்ளத்தில் இருக்கிறது. கோவில் தாழ்ந்ததல்ல, நூற்றாண்டு நூற்றாண்டாய்க் குப்பையும் மண்ணும் சேர்ந்து சந்தை உயர்ந்துவிட்டது! 997-ல் வேதசாட்சியான அந்த மேற்றிராணியார் வடக்கே புறப்படுமுன் இங்கே பிரசங்கித்தார் என்பது பாரம்பரியம்.

இங்கிருந்து ஒரு சிறிய சுற்று வழி போவோம். செருப்புத் தைப்போர் தெரு என்று பொருள்படும் தெரு ஒன்று சந்தையிலிருந்து மேற்கே போகிறது. அதன் வழியே சோலையைத் தாண்டினால் கார்மேல் சபையாரின் கோவில். அதன் வெளிச்சுவரில், கம்பிக்குள்ளே, ஒரு கல்லில் சிறிய பாதத்தின் அச்சு தெரியும். யாத்விகா இராணியின் பாதம் என்று சொல்லுகிறார்கள். கோவில் கட்டுகிற இடத்தைப் பார்க்க வந்த இராணி, கல் தச்சன் ஒருவன் அழுதுகொண்டு வேலை செய்வதைக் கண்டு விசாரித்தாள். மனைவி நோயாய்க் கிடக்கிறாள், மருந்துக்குக் காசில்லை என்றான். உடனே இராணி ஒரு கல்லின்மேல் பாதத்தை வைத்து, செருப்பிலிருந்த பொன் கொளுக்கியைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கல்லில் சுண்ணாம்பு ஈரமாயிருந்தது, பாதம் பதிந்தது. தச்சன் அதை அப்படியே செதுக்கிச் சுவரில் வைத்துவிட்டான். இது பாரம்பரியக் கதைதான். ஆயினும் அவள் குணத்துக்கு அது பொருந்துகிறது. ஏறக்குறையப் பத்து வயதில், 1384-ல் முடிசூட்டப்பட்டவள் அவள். 1399-ல் இளவயதிலேயே மரித்தபோது தன் ஆபரணங்களையெல்லாம் இவ்வூர்ச் சர்வகலாசாலைக்கு எழுதிவைத்தாள். 1949-ல் அவளுடைய கல்லறையைத் திறந்து பார்த்தார்கள். பொன் செங்கோல் இல்லை. மரத்தால் செய்த செங்கோல்தான் கிடந்தது. 1997-ல் பாப்பரசர் இதே பட்டணத்தில் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் அர்ச். அன்னம்மாள் கோவில். அதிலே கேந்தி ஊர் அருளப்பர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1473-ல் மரித்த இவர் சர்வகலாசாலையில் சாஸ்திரம் கற்பித்த குருவானவர். கால்நடையாய் ரோமாபுரிக்குப் போகையில் கள்ளர் இவரைப் பறித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றார். அவர்கள் போனபின் அங்கியில் சில பொற்காசுகள் தைத்திருந்தது நினைவு வந்தது. பொய் சொல்லிவிட்டோமே என்று ஓடிப்போய் அதையும் கொடுத்தார் என்பது இவரைப்பற்றிச் சொல்லப்படுகிற கதை. கள்ளரே வெட்கி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பக்கத்திலேயே, 1364-ல் ஸ்தாபிக்கப்பட்ட அந்தச் சர்வகலாசாலையின் பழைய முற்றம் இருக்கிறது. 1939 நவம்பர் 6-ம் தேதி ஜெர்மானியர் இவ்வூர்ப் பேராசிரியர்களை ஒரு பேச்சுக்கு வாருங்கள் என்று அழைத்து, வந்தவர்களில் 180-க்கு மேற்பட்டவர்களைச் சிறையாக்கிக் கொண்டுபோனார்கள்.

பிரான்சிஸ்கு சபையார் கோவிலையும் பாராமல் போகக்கூடாது. அங்கேயுள்ள மடத்திலிருந்துதான் 1922 ஜனவரியில் மாக்சிமிலியன் கோல்பே என்ற இளம் குரு தேவமாதாவின் பெயரால் ஒரு சின்னப் பத்திரிகையைத் தொடங்கினார். கையில் பணமில்லை, நெஞ்சில் காசநோய். 1941 ஆகஸ்ட் 14-ம் தேதி ஆஷ்விட்ஸ் முகாமில், பிள்ளைகுட்டிக்காரனான வேறொருவனுக்குப் பதிலாய் உயிர்விட்டவர் அவரே. கோவிலுக்கு எதிரே அதிமேற்றிராணியாரின் அரண்மனை. அதன் வாசலுக்கு மேலுள்ள சாளரத்திலிருந்து பாப்பரசர் இரவில் வாலிபரோடு பேசுவார். அவர் மரித்தபின்னும் ஜனங்கள் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

இனி நேரே அரண்மனைக் குன்று. வழியில் பன்னிரண்டு அப்போஸ்தலர் சுரூபம் வரிசையாய் நிற்கிற கோவிலும், அதற்குப் பக்கத்தில் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அர்ச். பெலவேந்திரர் கோவிலும் இருக்கின்றன. இந்த இரண்டாவது கோவிலின் கீழ்ச் சாளரங்கள் வெறும் இடுக்குகள். 1241-ல் ஊர் எரிந்தபோது ஜனங்கள் இதற்குள் புகுந்து தப்பினார்கள். கோவில் அன்று அடைக்கலமாயிருந்தது.

வாவெல் என்னும் அந்தக் குன்றின்மேல் மேற்றிராசனக் கோவில். அரசர்களின் கல்லறைகளை விவரிக்கப் புகுந்தால் பொழுது போதாது. யாத்விகா இராணி முன்னே முழந்தாளிட்ட கறுத்த பாடுபட்ட சுரூபத்தண்டையில் சற்று நில்லுங்கள். கீழே அர்ச். லெயோனார்து நிலவறைச் சிற்றாலயத்தில் 1946 நவம்பர் 2-ம் தேதி, ஆத்துமாக்கள் திருநாளன்று, கரோல் வொய்த்திலா தம்முடைய முதல் பூசையைச் செய்தார். குன்றின் அடியில் பறவைநாகத்தின் குகை; உலோக நாகம் ஒன்று நெருப்புக் கக்கும். பிள்ளைகளுக்கு அதுவே கிராக்கோவ்.

ஊர்ப்படத்தில் இராஜவீதி இங்கே முடிகிறது. பெரும்பாலோர் இங்கே திரும்பிவிடுவார்கள். கால் வலிக்கும், பசி எடுக்கும், பார்த்தவை போதும் என்றிருக்கும். ஆனால் திரும்புமுன், இந்த அரண்மனையைப்பற்றி இன்னொரு செய்தி கேளுங்கள். 1939 முதல் 1945 வரை இதில் குடியிருந்தவன் ஹன்ஸ் பிராங்க் என்பவன். பிடிபட்ட போலந்தை ஹிட்லருக்காக ஆண்டவன். யூதருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறவர்களுக்கு மரணதண்டனை என்று 1941 அக்டோபர் 15-ம் தேதி கட்டளை போட்டவன் அவன். எந்த யூதருக்கு? அதை அறிய இன்னும் கொஞ்சத் தூரம் தெற்கே நடக்கவேண்டும். அதற்காகத்தான் உங்களைக் கூட்டிவந்தேன்.

ஆற்றோரமாய்ப் போனால், 1079-ல் அர்ச். ஸ்தனிஸ்லாஸ் மேற்றிராணியார் கொல்லப்பட்ட இடத்துக் கோவில் வரும். அதைத் தாண்டினால் கஸிமியேஷ். 1335-ல் பெரிய கஸிமீர் அரசன் தனிப் பட்டணமாய் ஸ்தாபித்தது. அங்கே தேவ நற்கருணைக் கோவில் இருக்கிறது. 1495-ல் கிராக்கோவிலிருந்த யூதர்களையெல்லாம் கிறிஸ்தவ அரசன் ஒருவன் அப்புறப்படுத்தி இந்தக் கஸிமியேஷில் குடியேற்றினான். அன்றுமுதல் நானூறு வருஷத்துக்கு மேலாய்க் கோவில் மணியும் யூதரின் செபமும் அடுத்தடுத்த தெருக்களில் கேட்டன. இன்றும் ஒரு தெருமுனையில் இரண்டு பெயர்ப்பலகை பார்க்கலாம். ஒன்று தேவ நற்கருணைத் தெரு, மற்றது ஒரு ரபியின் பெயரால் வழங்கும் மைசெல்ஸ் தெரு. பலகைகள் சிநேகமாய் நிற்கின்றன. மனிதர் எப்போதும் அப்படி நின்றதில்லை.

யுத்தத்துக்கு முன்னே கிராக்கோவில் 60,000-க்கு மேற்பட்ட யூதர் இருந்தார்கள். ஊரில் நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெமூ என்னும் பழைய செபக்கூடத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்துக்குள் போங்கள். அங்கே ஒரு மதில் முழுவதும் உடைந்த கல்லறைக் கற்களின் துண்டுகளால் ஆனது. ஜெர்மானியர் உடைத்தெறிந்ததை யுத்தத்துக்குப் பின் பொறுக்கிச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். யாருடைய பெயரில் எந்த எழுத்து என்று இனிச் சொல்ல முடியாது.

இப்போது ஆற்றைக் கடக்கவேண்டும். 2010-ல் திறந்த நடைபாலம் ஒன்று இருக்கிறது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் சபையைச் சேர்ந்த பெர்னாத்தெக் என்னும் சகோதரர் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இளந்தம்பதிகள் அதன் கம்பியில் பூட்டை மாட்டிச் சாவியை ஆற்றில் எறிவதுண்டு. அக்கரை போட்கூஷே. பாலத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு வெறும் சதுக்கம். கோபுரமில்லை, சுரூபமில்லை. நாற்காலிகள் மட்டும் நிற்கின்றன. இரும்பும் வெண்கலமுமான பெரிய நாற்காலிகள் 33. ஓரத்திலும் டிராம் நிறுத்தத்திலும் சிறியவை சில. உட்கார ஆளில்லாமல் ஒரே முகமாய் நிற்கின்றன.

1941 மார்ச்சில் இங்கே மதில் எழுப்பி யூதர்களை அடைத்தார்கள். 3,000 பேர் குடியிருந்த இடத்தில் சுமார் 15,000 பேர். மதிலின் மேல்விளிம்பைக் கல்லறைக் கல்லின் வடிவிலே வளைத்துக் கட்டினார்கள். லுவோவ்ஸ்கா தெருவில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. 1942 ஜூனிலும் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோரை இந்தச் சதுக்கத்தில் கூட்டி, பெல்ஸெக் முகாமுக்கு இரயிலேற்றிக் கொன்றார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் மீந்தவர்களையும் காலி செய்தார்கள். வேலைக்கு ஆகிறவர்கள் பிளாஷோவ் முகாமுக்கு, ஏறக்குறைய 2,000 பேர் தெருக்களிலேயே சுடப்பட்டார்கள், மற்றவர்கள் ஆஷ்விட்ஸுக்கு. பின்பு அவர்களுடைய நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் தெருவில் கிடந்தன. அதை நினைத்தே 2005-ல் இந்த நாற்காலிகளை நிறுத்தினார்கள்.

தேதியைக் கவனித்தீர்களா? 1943-ல் பாஸ்குத் திருநாள் ஏப்ரல் 25. அப்படியானால் விபூதிப் புதன் மார்ச் 10. மார்ச் 14 தபசுகாலத்து முதல் ஞாயிறு. ஆற்றுக்கு இக்கரையில் சுட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில், அக்கரைக் கோவில்களில் பூசை நடந்தது. இந்தச் சதுக்கத்திலிருந்து கோபுர எக்காளம் ஊதும் இடம் அரைமணி நடைதான்.

போலந்து ஜனங்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய குருக்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். உதவி செய்தால் சாவு என்ற கட்டளைக்குக் கீழே இருந்தும், யூதரைக் காப்பாற்றினதற்காகப் பிற்காலத்தில் எருசலேமில் கௌரவிக்கப்பட்ட போலந்தியர் 7,000-க்கு மேல். வேறெந்த தேசத்தாரும் அவ்வளவு பேர் இல்லை. ஒளிந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுத்துப் பணம் பறித்தவர்களும் அதே தேசத்தில், அதே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே பெருங்கூட்டம் ஒன்று இருந்தது. அது கண்டது, பயந்தது, மறுபக்கமாய்ப் போயிற்று. அந்தக் கூட்டத்தைத்தான் எனக்கு நன்றாய்த் தெரியும். நான் அங்கே இருந்திருந்தால் அதில்தான் இருந்திருப்பேன் என்று பயப்படுகிறேன்.

சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு மருந்துக்கடை. இப்போது அது காட்சிச்சாலை. கடைக்காரர் ததேயுஷ் பங்கியேவிச் யூதரல்லர். மதில் எழும்பினபோது, வெளியே வேறு கடை எடுத்துக்கொள் என்றார்கள். அவர் போகவில்லை. அதிகாரிகளுக்குக் கைக்கூலி கொடுத்து, அங்கேயே இருக்க அநுமதி வாங்கினார். அவரோடு வேலை செய்த மூன்று பெண்களும் நாள்தோறும் மதிலைக் கடந்து வந்தார்கள். ஒளிந்திருக்கையில் குழந்தைகள் அழாதபடிக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். நரைத்தவர்களுக்குத் தலைச்சாயம் கொடுத்தார்கள், வேலைக்கு ஆகமாட்டான் என்று தள்ளிவிடாதபடிக்கு. உணவும் கடிதமும் அந்தக் கடை வழியாய்ப் போய்வந்தன. பெரிய வீரச்செயல் என்று எதையும் காட்ட முடியாது. கடையை மூடவில்லை, அவ்வளவுதான். தாம் கண்டதை 1947-ல் புத்தகமாய் எழுதி வெளியிட்டார், 1993-ல் மரித்தார்.

யூதரைக் கிறிஸ்துநாதரைக் கொன்ற ஜாதி என்று நம் பிரசங்க மேடைகளிலிருந்தே எத்தனையோ தலைமுறை சொல்லி வந்தார்கள் என்பதை மறைத்துப் பிரயோசனமில்லை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டது. 1986-ல் ரோமாபுரிச் செபக்கூடத்துக்குள் நுழைந்து அவர்களை நம் மூத்த சகோதரர் என்று அழைத்த பாப்பரசர், இந்தத் தெருக்களில் நடந்த அதே வொய்த்திலாதான். பிரியமானவர்களே, நம் பங்கிலும் ஒரு ஆறு ஓடுகிறதா? நாம் பூசைக்குப் போகிற வழியில் காலை வைக்காமல் சுற்றிப் போகிற தெரு ஒன்று இருக்கிறதா? அந்தத் தெருவாரைப்பற்றி வீட்டில் பிள்ளைகள் முன்னே எப்படிப் பேசுகிறோம்? இதற்கு எனக்குப் பதில் எழுதவேண்டாம்.

இன்னும் ஒரு மணி நேர நடை மிச்சமிருக்கிறது. முடியாதவர்கள் டிராம் ஏறலாம். தெற்கே வாகியெவ்னிக்கி என்னுமிடத்தில் ஒரு கன்னியர் மடம். 1938 அக்டோபர் 5-ம் தேதி, 33-ம் வயதில், அர்ச். பவுஸ்தீனா இங்கே மரித்தார்கள். சமையலறையிலும் தோட்டத்திலும் வாசற்கதவண்டையிலும் வேலை செய்த சகோதரி. அவர்கள் கண்ட காட்சியின்படி வரைந்த ஆண்டவரின் இரக்கப் படத்தை உங்களில் அநேகர் வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். அந்தச் சிற்றாலயத்துப் படத்தை வரைந்தவர் அதோல்ப் ஹீவா. யுத்தத்தில் தம் குடும்பம் காப்பாற்றப்பட்டதற்கு நேர்ச்சையாக வரைந்து கொடுத்தார். முதலில் கொடுத்த படம் பீடத்துக்கு அளவு பொருந்தவில்லை. இன்று அங்கே இருப்பது 1944-ல் வைத்த இரண்டாவது படம். முதற்படத்தை மந்திரித்த நாள் 1943 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமைதான் அந்தச் சதுக்கத்தை நாற்காலிகளோடு காலி செய்தார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே நாம் இப்போது நடந்து வந்த தூரம்தான்.

அந்தக் காலத்தில் பக்கத்திலுள்ள இரசாயனத் தொழிற்சாலையில் ஒரு வாலிபன் வேலை செய்தான். இரகசியமாய்க் குருப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவன். 2002 ஆகஸ்டில் இதே இடத்துப் புதிய பேராலயத்தை அபிஷேகம் செய்ய வந்தபோது, கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு இந்த வழியாய் வேலைக்குப் போய்வந்த நாட்களை அவர் நினைத்துப் பேசினார். அவருக்கு அப்போது 82 வயது. நடக்க முடியாத நிலை.

சிற்றாலயத்தில் உட்கார இடம் கிடைக்கும். செருப்பைத் தளர்த்திக்கொண்டு படத்தைப் பாருங்கள். கையையும் மார்பிலிருந்து வருகிற கதிர்களையும் எல்லாரும் பார்க்கிறோம். பாதத்தைப் பாருங்கள். ஆண்டவர் நிற்கவில்லை; ஒரு பாதம் முன்னே வந்திருக்கிறது, காயத்தோடே. உங்கள் வீட்டுப் படத்திலும் அப்படித்தான் இருக்கும். பூமாலை மறைத்துக்கொண்டிருந்தால், சற்று ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.